வீட்டு வீடியோ எடிட்டிங்குக்குக் கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விளையாட்டுகளில் நொடிக்கு எத்தனை பிரேம் கிடைக்கிறது என்ற ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறார்கள். வீடியோ எடிட்டிங்குக்காக வாங்குபவருக்கு அந்தப் பட்டியல் பாதி வழிதான் காட்டும். சில நேரங்களில் தவறான கார்டையே கையில் கொடுத்துவிடும். விளையாட்டு பெரும்பாலும் சோதிப்பது கார்டின் கணிப்புக் கருக்களை, அதாவது கணக்குப் போடும் ‘கோர்’களை. எடிட்டிங் வேலையோ ஒரே சிப்புக்குள் இருக்கும் மூன்று தனித்தனி உறுப்புகளிடம் போகிறது: கேமரா சுருக்கிச் சேமித்த கோப்பை விரித்துப் படமாக்கும் டிகோடர், அந்தப் படத்தின் மீது வண்ணத் திருத்தமும் எஃபெக்ட்டுகளும் செய்யும் கருக்கள், முடிந்த வீடியோவை மறுபடியும் சுருக்கிக் கோப்பாக்கும் என்கோடர். விலை ஏற ஏறக் கருக்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். டிகோடரும் என்கோடரும் எந்த வடிவங்களைப் புரிந்துகொள்ளும் என்பது பெரும்பாலும் கார்டின் தலைமுறையைப் பொறுத்தது. ஒரே தலைமுறையின் மலிவான கார்டும் விலையுயர்ந்த கார்டும் அதில் அநேகமாகச் சமம். ஆகவே எந்தக் கார்டு வேகமானது என்று விசாரிப்பதற்கு முன், நம்முடைய வேலையில் எந்த உறுப்பு திணறுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ஜிபியுவை (கிராபிக்ஸ் சிப்பை)த் தேர்ந்தெடுத்தால் சில சிறிய வரைபடங்கள் தெரியும். அவற்றின் தலைப்பில் உள்ள அம்பை அழுத்தி, ஒன்றில் ‘வீடியோ டிகோட்’, இன்னொன்றில் ‘வீடியோ என்கோட்’, மற்றொன்றில் ‘3டி’ அல்லது ‘கூடா’ என்று மாற்றி வையுங்கள். (என்விடியாவின் கணிப்புத் தளத்துக்கு அப்படியொரு பெயர், தமிழில் எழுதும்போது நம்மைத் தடுப்பதுபோல் ஒலிப்பதற்கு அது பொறுப்பாகாது.) சில கார்டுகளில் டிகோட், என்கோட் இரண்டும் ‘வீடியோ கோடெக்’ என்ற ஒரே தலைப்பில் வரும். பிறகு வழக்கமாக நீங்கள் எடிட் செய்யும் ஒரு கோப்பை டைம்லைனில் போட்டு, எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் ஓடவிடுங்கள்.

படம் விட்டுவிட்டு ஓடி, பிராசசர் நூறு சதவீதத்தை ஒட்டியிருந்து, டிகோட் வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தால், உங்கள் கோப்பை விரிக்கும் வேலை கார்டுக்குப் போகவே இல்லை என்று பொருள். வெறும் கோப்பு சீராக ஓடி, வண்ணத் திருத்தம் சேர்த்தவுடன் 3டி வரைபடம் உச்சிக்குப் போய்ப் படம் தடுமாறினால், கருக்கள் போதவில்லை. எல்லாம் நன்றாக ஓடி, எக்ஸ்போர்ட் மட்டும் மணிக்கணக்கில் இழுத்தால் என்கோடரையோ அதைப் பயன்படுத்தாத மென்பொருள் அமைப்பையோ சந்தேகிக்க வேண்டும். இந்த மூன்றுமே நடக்காமல், கோப்பைத் திறக்கும்போது மட்டும் தாமதமானால் குற்றவாளி பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். அதற்குக் கார்டு வாங்கிப் பயனில்லை.

கேமரா எழுதும் கோப்பைப் பாருங்கள்

தேர்வில் அதிகம் கவனிக்கப்படாததும், என் கணிப்பில் மிக முக்கியமானதும் கோப்பின் வடிவம்தான். செல்போன்களும் கேமராக்களும் இன்று பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்ற சுருக்க முறையில் எழுதுகின்றன. இந்த முறைகள் ஒவ்வொரு பிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் பிரேமை எழுதிவிட்டு, இடையில் வருபவற்றுக்கு முன்பின் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. தொடர்ந்து பார்ப்பதற்கு இது சிக்கனம். ஆனால் எடிட் செய்பவர் டைம்லைனில் நடுவே ஒரு புள்ளியில் குதிக்கும்போதெல்லாம், கணினி அதற்கு முந்தைய முழுப் பிரேமைத் தேடிப் போய் அங்கிருந்து ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. பின்னோக்கி ஓட்டினால் வேலை இன்னும் கூடும். திரைப்படம் பார்க்கும்போது சிரமப்படாத கணினி எடிட்டிங்கில் மூச்சு வாங்குவது இதனால்தான்.

சுருக்க முறையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வண்ணத் தகவலின் அளவு வேறுபடும். 4:2:0 என்றால் நான்கு பிக்சல்களுக்கு ஒரு வண்ணக் குறிப்பு. 4:2:2 என்றால் இரண்டு பிக்சல்களுக்கு ஒன்று. செல்போன்கள் பொதுவாக 4:2:0 எழுதுகின்றன. கண்ணாடியில்லா கேமராக்களில் பல, உதாரணமாக 2020இல் வந்த கேனான் ஆர்5, சோனி ஏ7எஸ் 3 போன்றவை, 10-பிட் 4:2:2 எழுதக்கூடியவை (ஒவ்வொரு வண்ண மதிப்பையும் 8க்குப் பதில் 10 பிட்டில் குறிப்பதுதான் 10-பிட்). வண்ணத் திருத்தத்துக்கு அது நல்லது. ஆனால் கார்டு வாங்குபவருக்கு அங்கேதான் பொறி இருக்கிறது. 4:2:0 வடிவ எச்.265 கோப்பைச் சில ஆண்டுகளுக்குள் வந்த எந்தக் கார்டும் சிரமமின்றி விரித்துவிடும். எச்.265 4:2:2 கோப்பை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளின் டிகோடர் ஏற்பதில்லை. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அந்த வசதியைச் சேர்த்தது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரை உள்ள கார்டுகளும் ஏற்பதில்லை. விந்தை என்னவென்றால், இன்டெலின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் முதற்கொண்டு, பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதி ‘குயிக் சிங்க்’ என்ற பெயரில் இந்த வேலையைச் செய்துவிடுகிறது. இன்டெலின் ஆர்க் கார்டுகளும் செய்கின்றன.

இதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றேன். உள்ளமைந்த கிராபிக்ஸ் மட்டுமே கொண்ட கணினியில் 10-பிட் 4:2:2 கோப்புகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். எஃபெக்ட் சேர்த்தால் தள்ளாடும், மற்றபடி ஓடும். எஃபெக்ட்டுக்காகவென்று ஒரு நல்ல கார்டை வாங்கிப் பொருத்தினேன். அன்று மாலை அதே டைம்லைன், எஃபெக்ட் எதுவும் இல்லாமலே, முன்பைவிட மோசமாகத் திக்கித் திணறியது. டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவி, மென்பொருளையும் மீண்டும் நிறுவி இரண்டு நாள் போயிற்று. கடைசியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோதுதான் கவனித்தேன்: ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. புதுக் கார்டு செருகப்பட்டதும் மதர்போர்டு தன் போக்கில் உள்ளமைந்த கிராபிக்ஸை அணைத்துவிட்டிருக்கிறது. அதுவரை சத்தமில்லாமல் கோப்பை விரித்துக்கொண்டிருந்தது அதுதான். புதுக் கார்டின் டிகோடருக்கோ அந்த வடிவமே தெரியாது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில்) உள்ளமைந்த கிராபிக்ஸை எப்போதும் இயங்கும்படி மாற்றி, எடிட்டிங் மென்பொருளின் அமைப்பில் டிகோடிங்குக்கு இன்டெலைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டும் தத்தம் வேலையைப் பகிர்ந்துகொண்டன. குறை கார்டினுடையது அன்று. என் கோப்பு என்ன வகை என்று பார்க்காமல் வாங்கியது என் குறை.

உங்கள் கோப்பின் வகையை அறிய மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலி போதும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் சுருக்க முறை, பிட் ஆழம், வண்ணக் குறிப்பின் விகிதம் எல்லாவற்றையும் வரிவரியாகக் காட்டிவிடும். எச்.265, 8 அல்லது 10-பிட், 4:2:0 என்று வந்தால் கவலையில்லை. எச்.265 4:2:2 என்று வந்தால், குயிக் சிங்க் உள்ள இன்டெல் பிராசசரோ, ஆர்க் கார்டோ, ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோ தேவை. பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். எச்.264 10-பிட் 4:2:2 என்று வந்தால் நிலைமை கடினம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அதை ஏற்கிறது, மற்றவர்கள் புராக்ஸியை நம்புவது நல்லது. எடிட்டிங்குக்காகச் சிறிய அளவில், எளிதில் விரியும் வடிவத்தில் நகல் எடுத்துக்கொண்டு வேலை செய்வதும், எக்ஸ்போர்ட்டின்போது மூலக் கோப்புக்குத் திரும்புவதும்தான் புராக்ஸி. மாதத்துக்கு ஒரு வீடியோ எடிட் செய்பவருக்குப் புதுக் கார்டைவிட இரவோடிரவாகப் புராக்ஸி தயாரிக்கும் பழக்கமே போதுமானதாக இருக்கலாம்.

மென்பொருள் எதைக் கேட்கிறது

டாவின்சி ரிசால்வ் ஏறக்குறைய எல்லாப் படவேலையையும் கார்டின் மீது ஏற்றும் மென்பொருள். அதைப் பயன்படுத்துபவர் பிராசசரைவிடக் கார்டுக்குக் கூடுதலாகச் செலவிட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும். அடோபியின் பிரீமியர் புரோவில் பல எஃபெக்ட்டுகள் கார்டில் ஓடினாலும் சில பிராசசரிலேயே ஓடுகின்றன. எஃபெக்ட் பட்டியலில் எவை கார்டில் ஓடும் என்பதற்குத் தனி அடையாளம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளலாம். கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்களில் படவேலையின் பெரும்பகுதி பிராசசரில் நடக்கிறது. கார்டு முக்கியமாக எக்ஸ்போர்ட்டில்தான் கைகொடுக்கும். இவற்றை மட்டும் பயன்படுத்துபவர் விலையுயர்ந்த கார்டு வாங்கினால் அது பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும்.

ரிசால்வின் இலவசப் பதிப்பைப் பற்றி இரண்டு செய்திகள் கார்டு வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும். பட இரைச்சலை நீக்கும் கருவி கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில்தான் இருக்கிறது. லினக்ஸில் ஓடும் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. கார்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை மென்பொருளுக்கு மாற்றினால் மொத்தத்தில் நன்மை அதிகம் என்ற நிலை பலருக்கு இருக்கிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது: ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் தனிக் கிராபிக்ஸ் கார்டு பொருத்த வழியில்லை.

நினைவகக் கணக்கு

கார்டின் மீதுள்ள நினைவகமான வி-ராம் எவ்வளவு வேண்டும் என்பதற்குப் பலரும் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4கே பிரேம் ஒன்றில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவு என நான்கு மதிப்புகள். துல்லியமான வண்ணத் திருத்தத்துக்கு மென்பொருள் ஒவ்வொரு மதிப்பையும் 32 பிட்டில், அதாவது 4 பைட்டில் வைத்துக்கொள்வதாகக் கொண்டால், ஒரு பிரேமுக்கு மட்டும் ஏறக்குறைய 133 எம்பி ஆகிறது. கோப்பில் அந்தப் பிரேம் ஒரு எம்பிகூட இல்லாமல் இருந்திருக்கும். விரித்த பின் இந்த அளவு. இதே கணக்கில் 1080பி பிரேம் 33 எம்பி.

ஒரு பிரேம் தனியாக நிற்பதில்லை. ஒவ்வொரு எஃபெக்ட்டும் உள்ளே வந்த படத்துக்கும் வெளியே போகும் படத்துக்கும் இடம் கேட்கும். முன்னும் பின்னும் ஐந்தைந்து பிரேம்களை ஒப்பிட்டு இரைச்சலை நீக்கும் கருவியை இயக்கினால் 11 பிரேம்களை ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும்; அதற்கே ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. மென்பொருளின் திரை, இரண்டாவது மானிட்டர், பின்னணியில் திறந்து கிடக்கும் பிரவுசர் எல்லாம் அதே நினைவகத்தில்தான் பங்கு கேட்கின்றன.

நினைவகம் நிறைந்தால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. படிக்கட்டில் கால் தவறியது போலச் சட்டென்று விழும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தன் நினைவகத்தோடு நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் பேசுகிறது. இடம் போதாமல் கணினியின் பொது நினைவகத்திலிருந்து எடுக்க நேர்ந்தால் தகவல், கார்டு செருகப்பட்டிருக்கும் மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லாட் வழியாக வரவேண்டும். அந்தக் கார்டு ஸ்லாட்டில் தகவல் செல்லும் தடங்களில் (லேன்) எட்டை மட்டுமே பயன்படுத்துவதால், நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் நொடிக்கு சுமார் 16 ஜிபி. பழைய மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் அதிலும் பாதி. ரிசால்வ் போன்ற மென்பொருள் சில சமயம் அவ்வளவு தூரம்கூடப் போகாமல், நினைவகம் நிறைந்துவிட்டது என்று அறிவித்து நின்றுவிடும்.

என் அனுபவத்தில் 1080பி வேலைக்கு 6 ஜிபி போதும். 4கே வேலைக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 12 ஜிபி நிம்மதி. இரைச்சல் நீக்கம், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், 6கே கோப்புகள் ஆகியவற்றை அடிக்கடி தொடுபவர் 16 ஜிபியைத் தேடலாம். இதனால்தான் 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகை, விளையாட்டுப் பட்டியலில் 8 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060க்குக் கீழே இருந்தாலும், எடிட் செய்பவர்களிடையே இன்றும் மதிப்போடு இருக்கிறது. ஆனால் 3060க்கு 8 ஜிபி வகையும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ ஆகியவையும் 8, 16 என இரு அளவுகளில் வருகின்றன. பெட்டியின் மேல் பெயரை மட்டும் படித்துவிட்டு வாங்கக் கூடாது. லேப்டாப்பில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்: டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070க்கு 12 ஜிபி, அதே பெயர் தாங்கிய லேப்டாப் சிப்புக்கு 8 ஜிபி. டாஸ்க் மேனேஜர் காட்டும் ‘ஷேர்டு’ நினைவகத்தைக் கூட்டிச் சொல்லும் விற்பனையாளரின் எண்ணையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பொது நினைவகத்திலிருந்து எடுக்கும் கடன்.

எக்ஸ்போர்ட்

என்கோடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார்டின் என்கோடர் வேகமானது. பிராசசரில் நிதானமாக ஓடும் என்கோடிங் அதே கோப்பு அளவில் சற்றுச் சிறந்த படத்தைத் தரும். இணையத்தில் ஏற்றும் வீடியோவுக்கு அங்கே எப்படியும் மறுபடி சுருக்குவார்கள் என்பதால் கார்டின் தரம் போதும். எச்.265க்குப் பின் வந்த ஏவி1 என்ற சுருக்க வடிவில் எழுத வேண்டுமானால் ஆர்டிஎக்ஸ் 40, ஆர்எக்ஸ் 7000, இன்டெல் ஆர்க் ஆகியவற்றிலோ அவற்றுக்குப் பின் வந்தவற்றிலோ ஒன்று வேண்டும். ஆர்டிஎக்ஸ் 30 அதை வாசிக்கும், எழுதாது. உயர்நிலைக் கார்டுகள் சிலவற்றில் இரண்டு, மூன்று என்கோடர்கள் உண்டு. வீட்டு வேலைக்கு ஒன்றே தாராளம்.

தவிர்க்க வேண்டிய இரண்டு கார்டுகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடலாம். ஜிடி 1030இல் என்கோடரே இல்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியிலும் இல்லை. போதாக்குறைக்கு ஏவி1 டிகோடரும் கிடையாது, ஸ்லாட்டில் நான்கு தடங்கள்தான். விலையைப் பார்த்து எடிட்டிங்குக்கு இவற்றை எடுத்தவர் தம் பழைய உள்ளமைந்த கிராபிக்ஸே மேல் என்று உணர நேரும். குறைந்த செலவில் டிகோடரும் என்கோடரும் மட்டுமே வேண்டுமென்பவருக்கு 6 ஜிபி கொண்ட ஆர்க் ஏ380 பொருத்தமானது. சற்று மேலே 12 ஜிபி கொண்ட ஆர்க் பி580. ஆர்க் வாங்கும் முன், உங்கள் மதர்போர்டு ‘ரீசைசபிள் பார்’ வசதியை (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடுவது) ஆதரிக்கிறதா என்று பயாஸில் பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் அந்தக் கார்டுகளின் வேகம் வெகுவாகக் குறையும்.

பெட்டிக்குள் நுழையுமா, மின்சாரம் போதுமா

ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட்ஸ் வரை கிடைக்கும். ஆறு முனை இணைப்பு இன்னொரு 75, எட்டு முனை இணைப்பு 150. ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட்ஸ், 3060க்கு 170, பி580க்கு 190, 4070க்கு 200 என்பது அவற்றின் அறிவிக்கப்பட்ட அளவு. முதல் இரண்டுக்கும் 550 வாட்ஸ் பவர் சப்ளையை என்விடியா பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட மொத்த எண்ணைவிட அதுதான் உண்மை பேசும். பிறகு அளவுகோலை எடுத்து, கேபினட்டின் பின்சுவரிலிருந்து முன்பக்க விசிறி வரை மில்லிமீட்டரில் அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். கார்டின் தடிமன் இரண்டு ஸ்லாட்டா, மூன்றா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த ஸ்லாட்டில் வேறேதும் செருகியிருந்தால் அது அடைபட்டுப்போகும்.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஒரு சோதனை அவசியம். மலிவான பழைய சிப்பின் உள்மென்பொருளை மாற்றி, புதிய பெயரோடு விற்கும் மோசடி இருக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவசச் செயலி இத்தகைய பல போலிகளைக் கண்டறிந்து பெயருக்கு முன்னாலேயே எச்சரிக்கை காட்டும். உண்மையான கார்டாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, விசிறி கரகரக்கிறதா, திரையில் புள்ளிகள் தெறிக்கின்றனவா, வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்டைப் பொருத்தியதும் என்விடியா பயன்படுத்துவோர் விளையாட்டு டிரைவரை விட்டு ஸ்டூடியோ டிரைவரை நிறுவுவது நல்லது. படைப்பு மென்பொருள்களோடு சோதித்து நிதானமாக வெளியிடப்படுவது அது. அதன் பிறகு, முதலில் ஓட்டிய அதே கோப்பை அதே டைம்லைனில் மறுபடி ஓட்டி, டிகோட் வரைபடம் எழுகிறதா என்று பாருங்கள். எழவில்லையென்றால் முதலில் மென்பொருளின் அமைப்பில் வன்பொருள் டிகோடிங் தேர்வாகியிருக்கிறதா என்றும், அடுத்து பயாஸில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயங்குகிறதா என்றும் பார்த்து, அப்படியும் அது அசையாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கார்டைப் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதுவரை பெட்டியையும் உள்ளே வந்த நுரையையும் வீசிவிடாதீர்கள்.